தோட்டத்திலிருந்து தாமானுக்கு: முகவரி மாற்றும் வேலையை எங்கே தொடங்குவது?

எங்கள் தோட்டத்து ஆபிஸ் வாசலில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. கடிதங்கள் எல்லாம் அதில்தான் வந்து விழும். லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் வருவதில்லை. கிராணி (ஆபிஸ் குமாஸ்தா) பெரட்டு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார், ஆள் இல்லாவிட்டால் மறுபடியும் டின்னுக்குள் போட்டுவிடுவார். நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானுக்கு (வீடமைப்புக் குடியிருப்புக்கு) வீடு மாறி மூன்று மாதம் கழித்து, ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில் அந்த டின்னைக் கிளறிப் பார்த்தேன். அம்மாவின் கண் பரிசோதனைக்குத் தேதி குறித்த கடிதம், என் மோட்டார் சைக்கிளுக்கு வந்த சமான் (அபராதக் கடிதம்), வங்கி அனுப்பிய புது ஏ.டி.எம். கார்டு மூன்றும் உள்ளே கிடந்தன. கண் பரிசோதனைத் தேதி போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அதன்பிறகுதான் முகவரி மாற்றும் வேலையில் இறங்கினேன். பதினோரு தடவை அலைந்தேன், அதில் ஆறு தடவை வீண். வரிசை தெரியாததுதான் காரணம். ஐ.சி. என்கிற அடையாள அட்டைக்குப் போனால் வீட்டுக்கு ஆதாரம் கேட்டார்கள், ஆதாரம் வாங்கப் போனால் அதில் வேறு மாதிரி முகவரி இருந்தது, அதைத் திருத்தப் போனால் ஐ.சி.யில் உள்ள முகவரி எங்கே என்றார்கள். தோட்டத்தை விட்டு முதல் தடவையாக வெளியே வருகிறவர்களை மனதில் வைத்து, எதற்குப் பின் எது என்று கீழே எழுதியிருக்கிறேன். வாடகை வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே வரிசைதான்.

1. லாரி வருவதற்கு முன்: எங்கிருந்தெல்லாம் கடிதம் வருகிறது என்று எழுதுங்கள்

யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும். வீட்டில் பழைய கடிதங்கள் சேர்ந்திருக்கும் பையை, எங்கள் வீட்டில் அது சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது, கீழே கொட்டுங்கள். அனுப்பியவர் பெயரை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்களுக்கு 23 பெயர் வந்தது. அப்பாவின் பழைய கூட்டுறவுச் சங்கக் கடிதம் அந்தக் குவியலில் இல்லாதிருந்தால் எனக்கு அது ஞாபகத்துக்கே வந்திருக்காது.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் யார் பெயரில் உள்ளது, கணக்கு எண் என்ன என்று எழுதுங்கள். அப்பா பெயரில் உள்ளதை நீங்கள் போய் மாற்ற முடியாது, அவரே வரவேண்டும். இதைத் தெரிந்துகொண்டால்தான் யாரை எந்த நாள் கூட்டிக்கொண்டு போவது என்று திட்டம் போட முடியும்.

2. முகவரியை ஒரே எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்

சின்ன விஷயமாகத் தெரியும். என் அலைச்சலில் பாதி இதனால்தான்.

முதலில் வீட்டு எண். வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் இருப்பது நில எண், அதாவது லாட் எண் அல்லது பி.டி. எண். நான்கு ஐந்து இலக்கத்தில் நீளமாக இருக்கும். வாசல் தூணில் அடித்திருப்பது வேறு எண். தபால்காரருக்குத் தெரிந்தது தூணில் உள்ளதுதான். நான் ஒப்பந்தத்தைப் பார்த்து நில எண்ணையே மின்சார விண்ணப்பப் பாரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பில் அப்படியே வந்தது. அந்த பில்லை ஆதாரமாக நீட்டியபோது, இந்த எண்ணில் வீடு எங்கே இருக்கிறது என்று கவுண்டரில் இருந்த அம்மா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது ஊர்ப் பெயர். நம் ஊரை ஓர் இடத்தில் முழுதாக எழுதுகிறார்கள், இன்னோர் இடத்தில் சுங்கையைச் சுருக்கி இரண்டே எழுத்தாக்குகிறார்கள், மற்றோர் இடத்தில் பின்னால் அடைப்புக்குள் ‘யு’ போடுகிறார்கள், வேறோர் இடத்தில் உத்தாரா என்றே எழுதுகிறார்கள். கம்ப்யூட்டருக்கு இது நாலும் நாலு ஊர். சாலையும் அப்படித்தான்: ஜாலானா, லோரோங்கா, பெர்சியாரானா என்று பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள்.

பக்கத்து வீட்டு மின்சார பில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள முறையில், எண்ணை மட்டும் மாற்றி, அஞ்சல் குறியீட்டோடு (நமக்கு 31100) மலாயில் ஒரு தாளில் எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்தப் பாரத்திலும் அந்தப் படத்தைப் பார்த்தே எழுதுங்கள், ஒரு புள்ளி மாறாமல்.

3. மின்சாரம், தண்ணீர்: உங்கள் பெயரில் முதல் பில்

தோட்டத்தில் பல பேருக்கு மின்சார பில் தங்கள் பெயரில் இருந்ததே இல்லை. எங்களுக்கும் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அதனால் வீட்டுக்கு ஆதாரம் என்று நீட்ட எங்களிடம் எதுவும் இல்லை. புது வீட்டு பில்தான் முதல் ஆதாரம். ஆகவே வேலை இங்கேதான் தொடங்குகிறது.

சாவி கைக்கு வந்த அன்றே மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் எண் தெரியும்படி படம் எடுங்கள். முந்தைய குடியிருப்பாளர் பாக்கி வைத்திருந்தால், எந்த எண்ணிலிருந்து உங்கள் கணக்கு என்று காட்ட இதுதான் துணை. பாக்கி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அடைக்கச் சொல்வது விற்றவர் பொறுப்பு, அதை வழக்கறிஞர் மூலம் கேட்பது நல்லது. பணம் முழுவதும் கைமாறிய பிறகு கேட்டால் யாரும் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள்.

மின்சாரத்துக்கு தெனாகா மின்சார நிறுவனத்தின் கடைக்குப் போகலாம், மைடி.என்.பி. செயலியிலும் விண்ணப்பிக்கலாம். தேவைப்படுவது: ஐ.சி. நகல், வீடு வாங்கிய ஒப்பந்தம் அல்லது வாடகை ஒப்பந்தம், அந்த வீட்டின் பழைய பில்லில் உள்ள கணக்கு எண். செலவு: ஏறக்குறைய இரண்டு மாதப் பயன்பாட்டுக்குச் சமமான வைப்புத்தொகை, கூடவே ஒப்பந்த முத்திரைத் தீர்வை 10 வெள்ளி (ரிங்கிட்). வைப்புத்தொகை ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த தடவை வீடு மாறினால் அந்தப் பணம் திரும்பி வரும், தவிர அடுத்த படிக்கும் அந்த ரசீது வேண்டும்.

தண்ணீருக்குப் பேராக்கில் லெம்பாகா ஆயர். ஆவணங்கள் ஏறக்குறைய அதேதான். மற்ற மாநிலத்தில் இருப்பவர்களுக்கு வாரியத்தின் பெயர் வேறு.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: வாயால் பேசி முடித்த வாடகைக்கு எங்கேயும் மதிப்பில்லை. எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, முத்திரைத் தீர்வை கட்டிய ஒப்பந்தம் வேண்டும். வீட்டுக்காரர் தயங்கினால், முத்திரைச் செலவை நானே கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்.

4. அடையாள அட்டை

வீடு மாறிய 30 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தோட்டத்தில் யாரும் இதைக் கண்டுகொண்டதில்லை. அறுபது வயது ஆட்களின் ஐ.சி.யில், மூடிப்போன தோட்டத்தின் பெயர் இன்னும் இருக்கிறது.

இங்கே ஒரு முடிச்சு உண்டு. 30 நாள் கெடு, ஆனால் முதல் மின்சார பில் வரவே ஒரு மாதம் ஆகிவிடும். பில்லுக்காகக் காத்திருக்காதீர்கள். ஒப்பந்தத்தின் நகல், மின்சார வைப்புத்தொகை ரசீது இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அசலையும் கொண்டு போங்கள், நகலும் கொண்டு போங்கள். பில் மாமனார் பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால், அவரையே அவருடைய ஐ.சி.யோடு கூட்டிக்கொண்டு போவதுதான் அலைச்சல் இல்லாத வழி. நான் அப்பா பெயரில் உள்ள ஒப்பந்தத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு தனியாகப் போய்த் திரும்பி வந்தவன்.

கட்டணம் ஆளுக்கு 10 வெள்ளி. அங்கேயே படம் எடுப்பார்கள், கட்டை விரல் ரேகை பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொருவரும் நேரில் போகத்தான் வேண்டும், மனைவிக்காகக் கணவன் போக முடியாது. வெள்ளைச் சட்டை வேண்டாம், படத்தின் பின்னணியோடு கலந்துவிடும். ரப்பர் பால் வெட்டி, செம்பனைப் பழம் பொறுக்கி ரேகை தேய்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அப்பாவின் ரேகை இயந்திரத்தில் ஏழெட்டுத் தடவை விழவில்லை. முந்தின இரவு கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, காலையில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் போனார், அடுத்த தடவை விழுந்தது. எண்ணெய்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது, கேட்டால் அவர் ஆமாம் என்பார்.

பழைய அட்டையை வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முன் இரண்டு பக்கமும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய முகவரியில் இருந்த ஆளும் புது முகவரியில் இருக்கும் ஆளும் ஒருவரே என்று காட்ட, பின்னால் இரண்டு இடங்களில் எனக்கு அந்த நகல் உதவியது. புது அட்டையைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மறுபடியும் ஒரு நாள் விடுப்பு.

பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நெருங்குகிறதா? பன்னிரண்டு முடிந்ததும் எப்படியும் அடையாள அட்டை எடுத்தாக வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாமா என்று தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் பெரியவர்களும் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகள்) முகவரியை மாற்ற வேண்டும், அவர்களுக்கான கட்டணத்தை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போகத் தேவையில்லை. பதிவு இலாகாவுக்கு மெக்கார் என்று ஒரு திட்டம் இருக்கிறது, நடமாட முடியாதவர்கள் இருக்கும் இடத்துக்கே ஆள் வந்து செய்து தருவார்கள். இலாகாவில் பெயர் கொடுத்துக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை போகாதீர்கள். 12.15க்கு அடைத்தால் 2.45க்குத்தான் திறப்பார்கள். கோலகங்சாரிலோ ஈப்போவிலோ அந்த இரண்டரை மணி நேரத்தைக் கழிக்க இடம் தேடி அலைய வேண்டும். அப்பாவையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று தடவை தே தாரே என்கிற பால் தேநீர் வாங்கினேன்.

5. ஓட்டு

ஐ.சி.யில் முகவரி மாறினால் வாக்காளர் பட்டியலிலும் தானாக மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது. 2021 டிசம்பரிலிருந்து பதினெட்டு வயதானவர்களின் பெயர் பட்டியலில் தானாகச் சேர்வது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் வீடு மாறினால், தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஐ.சி.யை முதலில் மாற்றிவிட்டுத்தான் இதற்குப் போக வேண்டும், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது ஐ.சி. முகவரியைத்தான். இணையத்திலேயே செய்யலாம், பணம் கிடையாது.

ஒரே ஊருக்குள்தானே மாறினோம், எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதிக்குள் லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. தோட்டம் ஒன்றிலும் தாமான் மற்றொன்றிலும் இருக்கலாம். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் அந்தத் தேர்தலுக்குப் பயன்படாது, பழைய தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே போய் வரிசையில் நிற்க வேண்டும்.

6. வங்கி, சேமநிதி, வருமான வரி

புது ஐ.சி. வந்த பிறகு இவை எல்லாம் சுலபம். வங்கிக்கு நேரில் போங்கள், எந்தக் கிளையானாலும் பரவாயில்லை. முகவரியோடு சேர்த்துக் கைப்பேசி எண்ணும் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். அம்மாவின் கணக்கில் இருந்தது, என் தங்கை எப்போதோ பயன்படுத்திய எண். பணம் எடுத்தால் வரும் குறுஞ்செய்தி யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. கார்டு காலாவதியாகும் மாதத்தையும் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் முடிகிறது என்றால் வங்கியை முதல் வேலையாக வையுங்கள், புதுக் கார்டு தபாலில் பழைய இடத்துக்குப் போய்விடும்.

ஊழியர் சேமநிதிக்கு ஐ-அக்காவுன் செயலி, வருமான வரிக்கு மைடேக்ஸில் உள்ள இ-கெமாஸ்கினி, படிப்புக் கடன் இருந்தால் பி.டி.பி.டி.என். தளம். ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலை. அரசின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை வாங்குபவர்கள் அந்தத் தளத்திலும் திருத்த வேண்டும். சமூகநல இலாகாவின் மாதாந்தர உதவி வாங்குபவர்கள் மட்டும் நேரில் போய்ச் சொல்லுங்கள், மாவட்டமே மாறினால் கோப்பு வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

இரண்டு ஆபத்து. முதலாவது, முகவரியைப் புதுப்பிக்க இதை அழுத்துங்கள் என்று வரும் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் இணைப்பு. வீடு மாறிய நேரத்தில் வந்தால் உண்மை மாதிரியே இருக்கும். தொடாதீர்கள், நீங்களாகத் தளத்தைத் தேடிப் போங்கள். இரண்டாவது, நகல் கடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லாம் நான் செய்து தருகிறேன் என்கிற ஆள். என்னிடம் 50 வெள்ளி கேட்டார். பணம்கூடப் போகட்டும், உங்கள் கடவுச்சொல் அவர் நோட்டில் இருக்கும். மலாய்ப் பாரம் நிரப்பச் சிரமப்படும் பெரியவர்கள், இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் பேரப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

7. மோட்டார், கார்

சாலைப் போக்குவரத்து இலாகாவில் உங்களைப் பற்றி இரண்டு பதிவு இருக்கிறது: ஒன்று லைசென்ஸ், மற்றொன்று வண்டி. ஒன்றை மாற்றினால் மற்றது மாறிவிடும் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். கவுண்டரில் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் மூன்று மோட்டார் இருந்தால் மூன்று பதிவெண்ணும் எழுதிக்கொண்டு போங்கள். அப்பா பெயரில் உள்ள பழைய கப்சாய் மோட்டாரை நீங்கள் ஓட்டினாலும், அப்பாதான் வரவேண்டும்.

இதைத் தள்ளிப் போட்டால் பணமாகவே நஷ்டம். ‘சமான் எக்கோர்’ என்று சொல்கிறோமே, உங்களை நிறுத்தாமல் பதிவெண்ணைக் குறித்து வீட்டுக்கு அனுப்பும் அபராதம், அது பதிவில் உள்ள முகவரிக்குத்தான் போகும். 2026 ஜனவரியிலிருந்து 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 30 நாளுக்குள் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, அதற்குப் பிறகு முழுத்தொகை, 60 நாளைத் தாண்டினால் நீதிமன்றம் என்று வந்துவிட்டது. டின்னுக்குள் கிடக்கும் கடிதத்துக்கு இந்த நாள் கணக்கு தெரியாது. முகவரி மாறும்வரை வாரம் ஒரு தடவை மைபாயார் பி.டி.ஆர்.எம்., மைஜே.பி.ஜே. இரண்டு செயலியிலும் சமான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டிக் காப்புறுதிக்குப் புதுப்பிக்கும்போதே சொல்லிவிடலாம். அந்த நேரம் முகவர் பழைய விவரத்தை அப்படியே போட்டு அச்சடித்துவிடுவார், கவனம்.

8. பள்ளிக்கூடமும் கிளினிக்கும்

பிள்ளை அதே தமிழ்ப்பள்ளியில் தொடர்ந்தால், வகுப்பாசிரியரிடம் சொல்லி முகவரியைத் திருத்தினால் போதும். பள்ளி மாற வேண்டுமானால் முதலில் புதுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு பழைய பள்ளியில் மாற்றப் பாரம் வாங்குங்கள், அது மாவட்டக் கல்வி அலுவலகம் வரை போகும். பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் ஐ.சி., வீட்டுக்கான ஆதாரம் ஆகியவற்றின் நகல் வேண்டும். பள்ளி விடுமுறையில் தொடங்காதீர்கள், கையெழுத்துப் போட ஆள் இருக்க மாட்டார்கள். பள்ளி வேனையும் முன்பே பேசிவிடுங்கள். எங்கள் தாமானுக்கு வேன் வரவில்லை என்பது பள்ளி திறந்த அன்று காலை ஆறரை மணிக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கிளினிக்கை எல்லாரும் மறக்கிறார்கள். இனிப்புநீர் (நீரிழிவு), ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் அடுத்த தேதிக்குப் போகும்போது, பதிவு கவுண்டரிலேயே முகவரி, கைப்பேசி எண் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். அரசு கிளினிக்கில் மாற்றினால் பெரிய மருத்துவமனையிலும் மாறியிருக்கும் என்று நானும் நினைத்தேன். அங்கே தனியாகச் சொல்ல வேண்டும். கண் பகுதிக்கும் எலும்புப் பகுதிக்கும் போகிறவரானால் இரண்டு இடத்திலும் கேளுங்கள், ஒரு கேள்விதானே. அம்மாவுக்குப் புதுத் தேதி கிடைக்க ஐந்து மாதம் ஆனது.

9. வீட்டு வரி: வாங்கியவர்களுக்கு மட்டும்

தோட்டத்தில் இருந்தவரை இந்த இரண்டு வரியும் நமக்குத் தெரியாது. ஒன்று மதிப்பீட்டு வரி, நகராண்மைக் கழகத்துக்கு. நம் பகுதிக்கு அது கோலகங்சாரில். ஆண்டுக்கு இரண்டு தடவை, பிப்ரவரிக் கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்டுக் கடைசிக்குள் ஒன்று. இன்னொன்று நிலவரி, மாவட்ட நில அலுவலகத்துக்கு, மே 31க்குள். பில் வரவில்லை என்பது காரணம் ஆகாது, தாமதக் கட்டணம் ஏறிவிடும்.

வீடு கைமாறியதை மூன்று மாதத்துக்குள் நகராண்மைக் கழகத்துக்கு ‘பாரம் ஐ’ மூலம் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞர் செய்வார் என்று எல்லாரும் இருப்பார்கள். செய்துவிட்டீர்களா, நகல் கொடுங்கள் என்று கேளுங்கள். என் வழக்கறிஞர் அலுவலகத்தில் அந்தப் பாரம் கோப்புக்குள்ளேயே இருந்தது, கையெழுத்து எல்லாம் போட்டு. ஓராண்டு வரி பில் பழைய வீட்டுக்காரர் பெயரில்தான் வந்தது. அவருக்குப் போன கடிதம் என் வாசலில், எனக்குப் போன கடிதம் பிஸ்கட் டின்னில்.

10. பெரியவர்களின் பழைய பங்கு, சேமிப்பு

தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் கொஞ்சம் கட்டி உறுப்பினரான அப்பாக்கள், தாத்தாக்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். நம்ம ஊர்க்காரர் துன் சம்பந்தன் தொடங்கிய சங்கம் என்பதால் சுங்கை சிப்புட் பக்கம் கேட்கவே வேண்டாம். உறுப்பினர் புத்தகத்தைத் தேடி எடுத்து, முகவரியையும் வாரிசு பெயரையும் சேர்த்தே சரி பாருங்கள். வாரிசாக எழுதியவர் இறந்துபோய், யாரும் மாற்றாமல் இருக்கும். எங்கள் தாத்தாவின் புத்தகத்தில் பாட்டி பெயர்தான் இருந்தது, பாட்டி போய்ப் பதினாறு வருடம்.

அதே மாதிரி ஆயுள் காப்புறுதி, ஏ.எஸ்.என்.பி. யூனிட் டிரஸ்ட் சேமிப்பு. சேமநிதியிலும் வாரிசு பெயர் தனி, முகவரியை மாற்றினால் அது மாறாது.

தொட வேண்டாதவை: பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கடப்பிதழ் (பாஸ்போர்ட்). மலேசியக் கடப்பிதழில் வீட்டு முகவரியே கிடையாது. அதற்காகப் போய் வரிசையில் நின்ற ஒரு பக்கத்து வீட்டு அண்ணன் உண்டு.

11. பழைய இடத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள்

எவ்வளவு மாற்றினாலும் ஒன்றிரண்டு கடிதம் பழைய இடத்துக்குத்தான் போகும். கிராணியிடம் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுங்கள், வெறும் பெயரோடு அல்ல, அப்பா பெயரும் பழைய வீட்டு எண்ணும் சேர்த்து. ஒரே தோட்டத்தில் நாலு முனியாண்டி இருப்பார்கள். ஒரு தடவை கையை வீசிக்கொண்டு போகாமல் ஒரு பொட்டலம் முறுக்கோடு போனால் ஞாபகம் இருக்கும். தோட்டம் கைமாறப் போகிறது, ஆபிஸை மூடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டால் அந்த வழியை நம்பாதீர்கள்.

முதல் ஆறு மாதம், மாதத்துக்கு ஒரு தடவை நீங்களே போய் டின்னைப் பாருங்கள். வருகிற கடிதத்தின் பின்பக்கத்தைப் படித்து, அனுப்பியவரை முதல் படியில் போட்ட நோட்டில் சேருங்கள். எங்கள் நோட்டில் 23 இருந்தது கடைசியில் 31 ஆனது. போன மாதம் டின்னில் எங்கள் பெயருக்கு ஒன்றும் இல்லை. அடியில் கிடந்தது 2019ஆம் வருடத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ், அது யாருக்கென்றே எழுதியிருக்கவில்லை.